கையெழுத்துக்கு முன்னால் கடைசித் தேதியைப் பாருங்கள்

பல்லடம், சோமனூர் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர்களிடம் ‘ஒப்பந்தம்’ என்று சொல்லிப் பாருங்கள், கசப்பாகச் சிரிப்பார்கள். பேச்சுவார்த்தையில் ஒப்புக்கொண்ட கூலி கைக்கு வரவில்லை என்று 2022 ஜனவரியில் தறிகளை நிறுத்தினார்கள். 2025 மார்ச்சில் மறுபடியும் நிறுத்தியபோது அவர்கள் கேட்டது, சட்டப் பாதுகாப்புடன் கூடிய கூலி ஒப்பந்தம். வாய்ப்பேச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது இந்த ஊருக்குப் பட்டுத் தெரிந்த பாடம்.

அதே பாடம், பகலில் பனியன் கம்பெனிக்கும் மாலையில் ஜிம்முக்கும் ஓடி, கிக் பாக்சிங்கும் மல்யுத்தமும் பழகுகிற பிள்ளைகளுக்கும் வேண்டும். எம்.எம்.ஏ. எனப்படும் கலப்புத் தற்காப்புச் சண்டை இந்தியாவில் தொழிலாகிவிட்டது. 2012இல் சூப்பர் ஃபைட் லீக் வந்தது. 2019இல் மேட்ரிக்ஸ் ஃபைட் நைட் வந்தது. சிங்கப்பூரின் ஒன் சாம்பியன்ஷிப், பஹ்ரைனின் பிரேவ் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களும் இந்திய வீரர்களைத் தேடுகின்றன. மேட்ரிக்ஸ் மேடையில் பட்டம் வென்ற பூஜா தோமர், 2024 ஜூனில் அமெரிக்காவின் யு.எஃப்.சி. மேடையில் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார்.

நாலு கடை இருந்தால் சரக்குக்கு விலை ஏறும். விலை ஏறும்போது, ‘எங்களிடம் மட்டும்தான் சண்டையிட வேண்டும்’ என்ற நிபந்தனையும் இறுகும். அந்த நிபந்தனை எதுவரை செல்லும், எங்கே செல்லாது? இதற்கு நம் நீதிமன்றங்கள் எப்போதோ பதில் சொல்லிவிட்டன. சொன்ன வழக்குகளில் ஒன்று கிரிக்கெட்டைப் பற்றியது, மற்றொன்று நூல் ஆலையைப் பற்றியது.

காலம் முடிந்த பிறகு: ஜாகீர் கான் வழக்கு

வேகப்பந்து வீச்சாளர் ஜாகீர் கான், 2000இல் பெர்செப்ட் டி’மார்க் என்ற நிறுவனத்துடன் மூன்று ஆண்டு விளம்பர ஒப்பந்தம் போட்டார். அதில் ஒரு நிபந்தனை: காலம் முடிந்த பிறகு வேறு நிறுவனம் அழைத்தால், அந்த விலையை முதலில் எங்களிடம் சொல்ல வேண்டும், நாங்களும் அதே விலை தந்தால் எங்களிடமே இருக்க வேண்டும். 2003இல் காலம் முடிந்தது. ஜாகீர் வேறு நிறுவனத்துக்குப் போனார். பழைய நிறுவனம் மும்பை உயர் நீதிமன்றத்தை நாடியது. தனி நீதிபதி கொடுத்த தடையை இரு நீதிபதிகள் அமர்வு நீக்கியது. 2006 மார்ச் 22 அன்று உச்ச நீதிமன்றமும் ஜாகீர் பக்கமே நின்றது.

காரணம், 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு. ஒருவர் தன் தொழிலைச் செய்வதைத் தடுக்கும் நிபந்தனை அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது அது. காலம் முடிந்த பிறகும் நீளும் கயிறு அதில் வசமாக மாட்டிக்கொண்டது.

இதே நிபந்தனை அமெரிக்காவில் என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். எடி ஆல்வரெஸ் என்ற வீரருக்கு பெல்லட்டோர் நிறுவனத்துடன் ஒப்பந்தக் காலம் 2012இல் முடிந்தது. யு.எஃப்.சி. அவரை அழைத்தது. ‘அதே விலையை நாங்களும் தருகிறோம்’ என்று பெல்லட்டோர் மறித்தது. வழக்கு 2013 ஆகஸ்டில் சமரசமாகும்வரை அவரால் எங்கும் சண்டையிட முடியவில்லை. 2012 அக்டோபருக்குப் பிறகு அவர் கூண்டுக்குள் இறங்கியது 2013 நவம்பரில்தான், அதுவும் பெல்லட்டோருக்காகவே. சண்டைக்காரர்களுக்கு உடம்பு ஒத்துழைக்கும் காலமே குறைவு. அதில் ஓர் ஆண்டு காகிதத்துக்குப் போனது.

காலம் முடியும் முன்: நூல் ஆலை வழக்கு

‘அப்படியானால் எப்போது வேண்டுமானாலும் மாறலாமா?’ என்று கேட்டால், முடியாது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

செஞ்சுரி ஸ்பின்னிங் நிறுவனத்தின் கல்யாண் ஆலையில், டயர் நூல் பிரிவில் ஷிப்ட் சூப்பர்வைசராகச் சேர்ந்தவர் நிரஞ்சன் கோலிகரி. 1963 முதல் ஐந்தாண்டு ஒப்பந்தம். அந்தக் காலத்துக்குள் இதே தொழிலில் வேறு எங்கும் வேலை செய்யக் கூடாது என்பது நிபந்தனை. நடுவிலேயே அவர் கூடுதல் சம்பளத்துக்குப் போட்டி ஆலைக்குப் போனார். 1967இல் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தக் காலத்துக்குள் இருக்கும் இப்படிப்பட்ட நிபந்தனை பொதுவாகச் செல்லும் என்று சொல்லி, அவருக்கு எதிரான தடையை உறுதி செய்தது.

ஆக, காலத்துக்குள் கட்டு உண்டு. காலம் முடிந்தால் விடுதலை. உள்ளே இருக்கும்போதும் சட்டம் ஓர் எல்லை வைக்கிறது. ‘எனக்காக மேடை ஏறு’ என்று ஒரு வீரரை நீதிமன்றம் வற்புறுத்தாது. தனிப்பட்ட திறமையை நம்பிய ஒப்பந்தத்தை 1963ஆம் ஆண்டு குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு அப்படி நிறைவேற்ற விடாது. ஆனால் அதே சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி, ‘இன்னொரு மேடை ஏறாதே’ என்று தடுக்க முடியும்.

தேதி நகரும் தந்திரம்

எல்லாம் முடியும் தேதியில் நிற்கிறது என்பதை நிறுவனங்களும் அறியும். அதனால் தேதியையே நகர்த்த வழி வைத்திருப்பார்கள். காயம் பட்டால் அந்த மாதங்கள் கணக்கில் சேராது. கொடுத்த சண்டையை மறுத்தால் காலம் நீளும். ஓய்வு அறிவித்தால் கடிகாரம் நிற்கும். பட்டம் வென்றால் ஒப்பந்தம் தானாகவே தொடரும். பாவு எத்தனை மீட்டர் என்று கேட்காமல் யாரும் தறியில் ஏற்றுவதில்லை. இங்கே பாவு ஓட ஓட நீளுகிறது.

யு.எஃப்.சி. சாம்பியனாக இருந்த ரேண்டி கூட்டூர் 2007 அக்டோபரில் விலகுவதாக அறிவித்தார். வேறு நிறுவனத்தில் சண்டையிட வழி கிடைக்காமல் 2008இல் திரும்பி வந்தார். இப்படிப்பட்ட கட்டுகள் சந்தையையே முடக்குகின்றன என்று வீரர்கள் 2014 டிசம்பரில் வழக்குத் தொடுத்தார்கள். 37.5 கோடி டாலர் சமரசத்துக்கு நீதிமன்றம் இறுதி ஒப்புதல் தந்தது 2025 பிப்ரவரியில். பணம் கிடைத்ததுதான், ஆனால் பத்தாண்டு ஆனது.

கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியவை

*காலமும் சண்டை எண்ணிக்கையும்:* ‘ஆறு சண்டை’ என்று மட்டும் இருந்தால் போதாது. எத்தனை மாதத்துக்குள், நிறுவனம் சண்டை தராவிட்டால் என்ன ஆகும், காலம் நீண்டால் அதிகபட்சம் எந்தத் தேதிவரை என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும்.

*விலகினால் அபராதம்:* ‘பத்து லட்சம் கட்ட வேண்டும்’ என்று எழுதியிருந்தாலும் முழுத்தொகையும் தானாகக் கிடைத்துவிடாது. ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி, அந்தத் தொகைக்கு மிகாமல் நியாயமான இழப்பீடுதான். ஆனால் அலட்சியமும் வேண்டாம். மூன்று ஆண்டுக்குள் வேலையை விட்டால் இரண்டு லட்சம் ரூபாய் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

*பதினெட்டு வயது ஆகாதவர்:* மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்பது 1903ஆம் ஆண்டு மோஹரி பீபி தீர்ப்பு. ‘அப்பா கையெழுத்துப் போட்டால் சரியாகிவிடும்’ என்பதும் தவறு. மகள் நடிப்பதற்காகத் தந்தை போட்ட ஒப்பந்தம் செல்லாது என்று 1949இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கில் சம்பளம் கேட்டுப் போன பெண்ணே தோற்றார். கட்டிலிருந்து காக்கும் சட்டம், கூலியையும் கைவிட்டுவிடலாம்.

*வெற்றுக் காசோலை, வெற்றுத் தாள்:* அட்வான்ஸுக்கு ஈடாக எழுதாத காசோலையோ புரோநோட்டோ கொடுக்கவே கூடாது. கையெழுத்து உங்களுடையதாக இருந்தால், ‘அவ்வளவு கடன் இல்லை’ என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும்.

*எந்த ஊர், எந்தச் சட்டம்:* தகராறு வந்தால் சிங்கப்பூரில் நடுவர் தீர்ப்பாயம், அந்நாட்டுச் சட்டம் என்று இருந்தால், 27ஆம் பிரிவை நம்பி உட்கார முடியாது. இந்தியாவிலேயே நடுவர் என்றாலும் ஒன்றைக் கவனியுங்கள்: வழக்கின் முடிவில் ஆதாயம் உள்ள ஒரு தரப்பு தானே தனி நடுவரை நியமிக்கக் கூடாது என்று 2019இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சிக்கல் வந்துவிட்டால்

முதல் வேலை, சொல்லாமல் கொள்ளாமல் அடுத்த நிறுவனத்தில் கையெழுத்துப் போடாமல் இருப்பது. நிறுவனம் சண்டை தரவில்லை, பேசிய பணம் தரவில்லை என்றால் தவறு அவர்கள் பக்கம். அதை வக்கீல் நோட்டீஸ் மூலம் பதிவு செய்யுங்கள். ஒரு தரப்பு தன் கடமையை முழுதாக மறுத்தால், மற்றவர் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள ஒப்பந்தச் சட்டத்தின் 39ஆம் பிரிவு இடம் தருகிறது. இழப்பீட்டுக்கு 73ஆம் பிரிவு இருக்கிறது. வாட்ஸ்அப் செய்திகள், போட்டி சுவரொட்டிகள், வங்கிக் கணக்கு விவரம், மருத்துவச் சீட்டு எல்லாம் சாட்சியம். ஒப்பந்தத்தின் நகல் கையில் இல்லாவிட்டால் அதை எழுத்துமூலம் கேளுங்கள்.

நிறுவனம் உங்களுக்குக் கொடுத்த காசோலை திரும்பினால், வங்கி தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் தர வேண்டும். ஒப்பந்த மீறலுக்கான வழக்கு மூன்று ஆண்டுக்குள். உங்கள் மீதே வழக்கு வந்து சம்மன் கிடைத்தால் ஒதுக்கி வைக்காதீர்கள். எதிர்வாதம் தாக்கல் செய்யப் பொதுவாக 30 நாள்தான்.

வக்கீல் வைக்க வசதியில்லையே என்பவர்களுக்கு 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், வருமான வரம்புக்கு உட்பட்டவர்கள் ஆகியோருக்கு இலவச வக்கீல் உண்டு. தொழிற்சாலைத் தொழிலாளர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். பனியன் கம்பெனியில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே சண்டை பழகும் பையனும் தன் தகுதியை அங்கே கேட்டுப் பார்க்கலாம். திருப்பூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம். 15100 என்ற இலவச எண்ணில் அழைக்கலாம். லோக் அதாலத்தில் முடியும் சமரசம் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. அதனால் அங்கே போடும் கையெழுத்தையும் படித்துப் பார்த்தே போட வேண்டும்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் இன்று இரவே அந்தக் காகிதத்தை எடுத்து, முடியும் தேதியின் கீழ் ஒரு கோடு போடுங்கள். அதை நகர்த்தும் வரிகள் எத்தனை என்று எண்ணுங்கள். இன்னும் போடாதவர்கள், தேதியே இல்லாத காகிதம் நீட்டப்பட்டால் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.