முன்னால் போகும் பின்னணிப் படைகள்: பாலம் போடுபவர், பாதை காப்பவர், காற்றைச் சோதிப்பவர்

சிவில் டிபார்ட்மெண்ட் நண்பர்களுக்கு ஒரு கேள்வி. உங்க பிரிவுக்கு ஏன் 'சிவில்' என்று பேர் வந்தது, யோசிச்சிருக்கீங்களா?

பதில் எளிது. 18-ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் இன்ஜினியர் என்றாலே பெரும்பாலும் ராணுவக்காரர்தான். கோட்டை கட்டுவது, கோட்டையை உடைப்பது, படை போக ரோடு போடுவது எல்லாம் அவர் வேலை. பிறகு ஊர் மக்களுக்காகப் பாலமும் கலங்கரை விளக்கமும் கட்ட வந்தவர்கள், "நாங்க ராணுவம் இல்லைங்க" என்று காட்டிக்கொள்ள வைத்த பெயர்தான் சிவில் இன்ஜினியர். நம்ம ஊரிலும் இந்தத் தொடர்பு உண்டு. கொள்ளிடத்தில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டன், முல்லைப் பெரியாறு அணை கட்டிய பென்னிகுயிக், இருவருமே ராணுவப் பொறியாளர்கள்.

போர்ப் படங்களில் நாம் பார்ப்பது துப்பாக்கி, டாங்க், விமானம். ஆனால் ஒரு தரைப்படை நிஜத்தில் எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை முடிவு செய்வது படத்தில் வராத மூன்று பேர்: பொறியாளர், ராணுவ போலீஸ், ரசாயனப் பாதுகாப்புக் குழு. இவர்களை 'சப்போர்ட்' என்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்டதும், பின்னாடி பத்திரமாக இருப்பவர்கள் என்று தோன்றும். அது எவ்வளவு தப்பு என்று பார்ப்போம்.

ஆறு குறுக்கே வந்தால்?

2015 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்க. சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தின் மேல் தண்ணீர் ஏறியது, போக்குவரத்து நின்றது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கார் இருந்தும் பயனில்லை, பெட்ரோல் இருந்தும் பயனில்லை. அடையாறு ஒன்றும் பெரிய நதி இல்லை. அதுவே ஒரு மாநகரத்தை இரண்டாக வெட்டிப் போட்டது. போரில் எதிரி செய்யும் முதல் வேலையும் இதுதான். பின்வாங்கும்போது பாலத்தை உடைப்பான், பாதையில் கண்ணிவெடி புதைப்பான்.

இங்கேதான் 'சாப்பர்கள்' வருகிறார்கள். கோட்டையை நோக்கி மறைவாகத் தோண்டிக்கொண்டே போகும் பள்ளத்துக்கு 'சாப்' என்று பெயர். அதைத் தோண்டுபவர் சாப்பர். நம் ராணுவத்தில் மூன்று பொறியாளர் குழுக்கள் உண்டு: பெங்கால், பாம்பே, மெட்ராஸ். இதில் மெட்ராஸ் குழு 1780 செப்டம்பரில் தொடங்கியது. ஹைதர் அலியோடு இரண்டாம் மைசூர்ப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். 'பயனீர்' என்ற பெயரில் இரண்டு கம்பெனிகள் திரட்டப்பட்டன. 19-ஆம் நூற்றாண்டிலேயே தலைமையகம் பெங்களூருக்குப் போய்விட்டாலும் 'மெட்ராஸ்' என்ற பேர் போகவில்லை. ராணுவத்தில் இவர்களுக்குச் செல்லப் பெயர் 'தம்பி'.

இவர்கள் வேலையை மூன்றாகப் பிரிக்கலாம். ஒன்று, நம்ம படை நகர வழி செய்வது: பாலம், ரோடு, கண்ணிவெடி அகற்றல். இரண்டு, எதிரி நகராமல் தடுப்பது: பாலத்தைத் தகர்ப்பது, தடுப்பு போடுவது. மூன்று, நம்ம ஆட்கள் உயிரோடு இருக்க வசதி செய்வது: பதுங்குகுழி, தண்ணீர், தங்குமிடம்.

முதல் வேலையில் எவ்வளவு ஆபத்து இருக்கு என்பதற்கு ஒரு பெயர் போதும். காஞ்சிபுரம் பக்கம் பிறந்த சுபேதார் சுப்பிரமணியன், மெட்ராஸ் சாப்பர். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிக்னானோ அருகே கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்தார். கூட இருந்தவர் ஒருவர் கண்ணிவெடியை மிதித்துவிட்டார். மிதித்ததற்கும் வெடிப்பதற்கும் நடுவில் சில விநாடிகள்தான். மற்றவர்களைக் காப்பாற்ற அதன் மேல் பாய்ந்து உயிரை விட்டார். மறைவுக்குப் பிறகு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது. காலாட்படை நடக்கும் முன்பே அந்த மண்ணில் நடந்தவர் அவர்.

பெய்லி பாலம்: பிசிக்ஸ் கொஞ்சம்

2024 ஜூலை 30, வயநாடு நிலச்சரிவு. சூரல்மலைக்கும் முண்டக்கைக்கும் நடுவே இருந்த பாலம் அடித்துப் போய்விட்டது. மெட்ராஸ் பொறியாளர் குழு அங்கே 190 அடி நீளப் பாலத்தை ஏறக்குறைய 31 மணி நேரத்தில் போட்டு, ஆகஸ்ட் 1 மாலை திறந்தது. வேலையை முன்நின்று நடத்தியவர்களில் ஒருவர் மேஜர் சீதா ஷெல்கே.

நம்ம ஊரில் ஒரு மேம்பாலத்துக்கு வருஷக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு இது மாயம் மாதிரி இருக்கும். மாயம் இல்லை, டிசைன். 1940-களில் டொனால்ட் பெய்லி என்ற பிரிட்டிஷ்காரர் வடிவமைத்தது இது. அடிப்படை ஒரே மாதிரியான ஸ்டீல் பேனல். நீளம் 10 அடி, எடை சுமார் 260 கிலோ. ஆறு பேர் தூக்கிவிடலாம், கிரேன் கட்டாயம் இல்லை. வெல்டிங் கிடையாது, பின் அடித்துச் சேர்ப்பதுதான். அதிக எடை தாங்க வேண்டுமா? பக்கத்தில் இன்னொரு வரிசை, மேலே இன்னொரு அடுக்கு.

அந்தக் கரைக்குப் போகாமல் பாலத்தை எப்படி அங்கே கொண்டு சேர்ப்பது? இந்தக் கரையிலேயே ரோலர்கள் மேல் பாலத்தைக் கட்டுவார்கள். முன்பக்கம் எடை குறைந்த ஒரு 'மூக்கு' பொருத்துவார்கள். பிறகு தள்ள வேண்டியதுதான். மூக்கு அந்தரத்தில் நீளும். ஆனால் மொத்த அமைப்பின் ஈர்ப்பு மையம் ரோலருக்குப் பின்னால் இருக்கிற வரை கவிழாது. மூக்கு மறுகரையைத் தொட்டதும் முழுதாகத் தள்ளி, மூக்கைக் கழற்றிவிடலாம். முதல் வருஷம் மெக்கானிக்ஸில் படித்த மொமென்ட் கணக்குதான்!

சண்டை நடக்கும் இடத்தில் 31 மணி நேரமும் கிடைக்காது. அதற்கு டாங்க் மேலேயே மடித்து வைத்த பாலம் உண்டு. டாங்க் உடலில் பொருத்திய இவ்வகைப் பாலங்கள் சுமார் 20 மீட்டர் இடைவெளியைச் சில நிமிடங்களில் கடக்க வைக்கும்.

பாலம் ரெடி. யார் முதலில் போறது?

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, தி.நகர் ரங்கநாதன் தெரு. போலீஸ் இல்லை, தடுப்பு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்க. இப்போ அந்தக் கூட்டத்துக்குப் பதில் டாங்க், டீசல் லாரி, ஆம்புலன்ஸ், பீரங்கி என்று ஆயிரக்கணக்கான வண்டிகள். எல்லாருக்கும் அவசரம், இருப்பது ஒரே பாலம். மேலே எதிரி விமானம் வந்தால் நெரிசலில் நிற்கும் வண்டி வரிசையை விட சுலபமான இலக்கு கிடையாது.

இதைச் சமாளிப்பது ராணுவ போலீஸ், சிவப்புத் தொப்பிக்காரர்கள். எந்த வண்டி எந்த நேரத்தில், எந்தப் பாதையில் என்பதைப் போட்ட திட்டப்படி நடத்துவார்கள். வண்டி எடையும் பாலத்தின் தாங்கும் வகுப்பும் பொருந்துதா என்று பார்ப்பதும் இதில் அடக்கம். வயநாட்டில் போட்டது 24-ஆம் வகுப்புப் பாலம். ஏறக்குறைய 24 டன் வண்டி போகலாம். 46 டன் டி-90 டாங்க்கை அதில் ஏற்றினால் கதை முடிந்தது.

அது மட்டும் இல்லை. வழி தவறிய வீரர்களைத் திருப்பி அனுப்புவது, அகதிகள் ஓரமாகப் போக வழி செய்வது, சொந்தப் படைக்குள் ஒழுங்கைக் காப்பது, போர்க்கைதிகளைப் பாதுகாப்பது எல்லாம் இவர்கள் பொறுப்பு. 1971 போரில் சுமார் 93,000 பேர் சரணடைந்தார்கள். அவர்களை எண்ணி, சோறு போட்டு, ஜெனீவா ஒப்பந்தப்படி நடத்துவது எவ்வளவு பெரிய வேலை! 2021 மே மாதம் இந்தப் பிரிவில்தான் 83 பெண்கள் பெங்களூரில் பயிற்சி முடித்து, இந்திய ராணுவத்தின் முதல் பெண் ஜவான்களாக வெளியே வந்தார்கள்.

கண்ணுக்குத் தெரியாத கண்ணிவெடி

பாலம் இருக்கு, ட்ராஃபிக் ஒழுங்காப் போகுது. மறுகரையில் காற்று சரியா இருக்கா?

1915 ஏப்ரல் 22, பெல்ஜியத்தின் ஈப்ர. ஜெர்மன் படை 150 டன்னுக்கு மேல் குளோரினைக் காற்றில் திறந்துவிட்டது. குளோரின் காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது. அதனால் பள்ளத்தில் இறங்கித் தங்கும். குண்டிலிருந்து தப்பிக்கத் தோண்டிய பதுங்குகுழியே பொறியாகிவிட்டது. அதன் பிறகு வந்த மஸ்டர்டு இன்னும் மோசம். எண்ணெய் மாதிரி தரையில் ஒட்டி நாள்கணக்கில் கிடக்கும். தொட்டவுடன் தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் தோல் கொப்பளிக்கும்.

ரசாயனப் பாதுகாப்புக் குழுவின் வேலை நான்கு படி. கருவி வைத்துக் கண்டுபிடிப்பது, அந்த இடத்தைக் கொடி நட்டுக் குறிப்பது, காற்று எந்தப் பக்கம் கொண்டுபோகும் என்று கணிப்பது, ஆட்களையும் வண்டிகளையும் கழுவிச் சுத்தம் செய்வது. இதற்கான பயிற்சி புனேவில் உள்ள ராணுவப் பொறியியல் கல்லூரியில் தரப்படுகிறது.

"எல்லாரும் எப்பவும் முகமூடி, கவச உடை போட்டுக்கிட்டா போச்சு" என்று தோணலாம். மே மாதம் மதியம் 2 மணிக்கு, ரெயின்கோட் போட்டு மயிலாப்பூர் நாலு மாட வீதியையும் ஒரு சுற்று ஓடிவிட்டுச் சொல்லுங்க. வியர்வை ஆவியாகாது, உடம்பு சூடேறும், சீக்கிரமே மயக்கம் வரும். அதனால் இந்தக் குழு சொல்லும் முக்கியமான வார்த்தை 'ஆபத்து' அல்ல. "இங்கே பத்திரம், முகமூடியைக் கழற்றலாம்" என்பதுதான். அதைத் தப்பாகச் சொன்னால் என்ன ஆகும் என்பதால், அதைச் சொல்ல முதலில் அங்கே போக வேண்டியவரும் அவரே.

இந்தியா தன்னிடம் இருந்த ரசாயன ஆயுதங்களை சர்வதேச ஒப்பந்தப்படி 2009-க்குள் அழித்துவிட்டது. ஆனால் பாதுகாப்புத் திறமைக்கு வேலை தீரவில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து மக்கள் வீட்டை விட்டு ஓடினார்களே, அங்கே போர் எதுவும் நடக்கவில்லை. இது மாதிரி விபத்துகளுக்கும் பயிற்சி பெற்ற தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-வது பட்டாலியன் நமக்குப் பக்கத்தில் அரக்கோணத்தில் இருக்கிறது.

நமக்கு என்ன?

மூன்று பேரையும் சேர்த்துப் பாருங்க. ஒருவர் வழி போடுகிறார், ஒருவர் வழியை அடைக்காமல் வைத்திருக்கிறார், ஒருவர் வழி உயிருக்குப் பத்திரமா என்று சொல்கிறார். இதில் ஒன்று விட்டுப்போனாலும் மிச்சப் படை நின்ற இடத்தில் நிற்கும். வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் நமக்குத் தேவைப்படுவதும் இதே மூன்று வேலைகள்தான்.

இந்த வேலையில் ஆர்வம் வந்தவர்களுக்கு ஒரு தகவல். இன்ஜினியரிங் இறுதியாண்டு மாணவர்கள், பெண்கள் உட்பட, எஸ்எஸ்சி டெக்னிக்கல் நுழைவு வழியாக ராணுவ அதிகாரி ஆக விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தேர்வு கிடையாது. மதிப்பெண் அடிப்படையில் ஷார்ட்லிஸ்ட், பிறகு எஸ்எஸ்பி நேர்காணல், மருத்துவப் பரிசோதனை. ராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சி மையங்களில் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அடையாறிலிருந்து கிண்டி தாண்டினால் வரும் பரங்கிமலையில்தான் அதிகாரிகள் பயிற்சி அகாடமி இருக்கிறது. அறிவிப்பு வரும்போது தகுதி விவரங்களை ராணுவத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் சரிபார்த்துவிட்டு விண்ணப்பிங்க.