எஞ்சின் புகையோடு போகும் வெப்பத்தை மீட்கலாம்

குறுவை அறுவடைக்கு வரும்போதே மழையும் வந்துவிடுவது சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டார விவசாயிகளுக்குப் பழகிப்போன தொல்லை. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மழை ஆண்டுகளில் இந்த வரம்பு தளர்த்தப்படுவது உண்டு. ஆனால் உத்தரவு வருவதற்குள் குவியலில் நெல் முளைவிட்டுவிடுகிறது. அதே வயலில் தேங்கிய நீரை இறைத்துக்கொண்டிருக்கும் டீசல் எஞ்சினின் புகைக்குழாயோ, தொட்டால் கை பொசுங்கும் சூட்டில் இருக்கிறது. அந்தச் சூட்டைப் பயன்படுத்த முடியாதா என்ற கேள்வி நியாயமானதே.

எஞ்சினில் ஊற்றும் டீசலின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் பம்பைச் சுழற்றும் வேலையாகிறது. இன்னொரு பங்கு எஞ்சினைக் குளிர்விக்கும் நீரிலும் காற்றிலும் போகிறது. மீதிப் பங்கு புகையோடு வெளியேறுகிறது. 5 குதிரைத்திறன் எஞ்சின் முழுச் சுமையில் ஓடினால் மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமாக டீசல் குடிக்கும். லிட்டர் 90 ரூபாயைத் தாண்டிவிட்ட நிலையில், மணிக்குச் சுமார் 30 ரூபாய் சைலன்சர் வழியாகப் போகிறது என்று பொருள்.

இது முழுவதையும் மீட்க முடியாது. எஞ்சினை விட்டு 400 டிகிரி சென்டிகிரேடு அளவில் வரும் புகையை 150 முதல் 180 டிகிரி வரை குளிர்விப்பதே பத்திரம். அதற்குக் கீழே போனால் டீசலில் உள்ள கந்தகம் அமிலமாகப் படிந்து இரும்பை அரிக்கும். 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் டீசலில் கந்தகம் மிகக் குறைவு என்றாலும், குளிர்ந்த குழாயில் கரி ஈரமாக ஒட்டி அடைத்துக்கொள்ளும் தொல்லை இருக்கவே செய்கிறது. ஆகவே புகையிலுள்ள வெப்பத்தில் பாதி கிடைக்கும் என்று கணக்கிடலாம். 5 குதிரைத்திறன் எஞ்சினில் இது மணிக்குச் சுமார் 1,500 கிலோ கலோரி. அதாவது 30 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குச் சூடேற்றும் அளவு.

சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து 2011-ல் முடிவுகளை வெளியிட்டிருக்கிறார்கள். டீசல் எஞ்சினின் புகையைத் தகடு பொருத்திய குழாய்கள் கொண்ட வெப்பமாற்றி வழியாக விட்டு, ஆமணக்கு எண்ணெயைச் சூடாக்கி, அந்தச் சூட்டை மெழுகு அடைத்த உருளைகளில் சேமித்தார்கள். எரிபொருள் சக்தியில் 10 முதல் 15 சதவீதம் வரை இப்படிச் சேமிப்பில் வந்து சேர்ந்தது.

வெப்பமாற்றி என்பது பெரிய மர்மம் அல்ல. ஒரு பக்கம் புகை, மறுபக்கம் நீர், நடுவே உலோகச் சுவர். சிக்கல் புகைப் பக்கத்தில்தான். நீர் சூட்டைச் சட்டென்று வாங்கிக்கொள்ளும். புகை சுலபத்தில் கொடுக்காது. ஆகவே புகை உரசிச் செல்லும் பரப்பு அதிகமாக வேண்டும். 5 குதிரைத்திறனுக்கு ஏறக்குறைய அரை சதுர மீட்டர், அதாவது ஐந்து சதுர அடிக்கு மேல் தேவை. நாலு அங்குலக் குழாய்க்குள் முக்கால் அங்குலக் குழாய்கள் ஏழை, நடுவில் ஒன்றும் சுற்றி ஆறுமாக, ஒரு மீட்டர் நீளத்துக்கு வைத்து இரு முனைகளிலும் தகட்டில் பற்றவைத்தால் ஏறத்தாழ இந்தப் பரப்பு கிடைத்துவிடும். சிறு குழாய்களுக்குள் புகை, வெளியே நீர். ஒவ்வொரு குழாயிலும் முறுக்கிய தகரப் பட்டை ஒன்றைச் செருகினால் புகை சுழன்று போய்ச் சூட்டை நன்றாகக் கொடுக்கும். குழாயின் மேல் தகடுகள் பொருத்தி, புகையை வெளிப்பக்கம் விட்டால் நீளத்தை இன்னும் குறைக்கலாம். ஆனால் தகடுகளுக்கு இடையே படியும் கரியைச் சுரண்டுவது பெரும்பாடு. கிராமத்துப் பட்டறை வேலைக்கு நேரான வெறுங்குழாயே மேல். முனை மூடிகளைப் போல்ட் போட்டுக் கழற்றும்படி வைத்தால் கம்பித் தூரிகை விட்டுச் சுத்தம் செய்யலாம்.

புகை தடையின்றி வெளியேற வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. ஏழு குழாய்களின் வாய்ப்பரப்பும் சேர்ந்து எஞ்சினின் புகைக்குழாய் வாயைவிட அதிகமாக இருக்க வேண்டும்; இரு மடங்கு இருந்தால் நல்லது. நெருக்கிவிட்டால் எஞ்சின் திணறும், டீசல் செலவு ஏறும். மீட்டது அங்கேயே போய்விடும். கருப்புப் புகை கூடினால் கரி அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இனி நெல்லுக்கு வருவோம். மழைநாளில் காற்று 28 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதத்துடன் இருக்கும். அதை எவ்வளவு வீசினாலும் நெல் காயாது. அதே காற்றைப் பத்து டிகிரி மட்டும் சூடேற்றினால் ஈரப்பதம் சுமார் 50 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அந்தக் காற்று நெல்லின் ஈரத்தை வாங்கும். வெப்பமாற்றியின் வெந்நீரைப் பழைய ரேடியேட்டர் ஒன்றில் சுற்றவிட்டு, அதன் வழியே விசிறியால் காற்றை இழுத்து, சல்லடைத் தளத்தில் பரப்பிய நெல்லுக்கு அடியில் செலுத்தலாம்.

ஆனால் அளவு தெரிந்திருக்க வேண்டும். 40 கிலோ சிப்பத்தை 22 சதவீத ஈரத்திலிருந்து 17-க்குக் கொண்டுவர சுமார் இரண்டரை லிட்டர் நீரை ஆவியாக்க வேண்டும். சாதாரண உலர்த்தியில் இதற்கு மணிக்கு 1,500 கிலோ கலோரி வீதம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஒரு ஏக்கர் நெல்லுக்கு நூறு மணி நேரம்! எஞ்சின் எப்படியும் ஓடுகிறபோது விதை நெல்லையும் நாலைந்து சிப்பத்தையும் காப்பாற்றலாமே தவிர, உலர்த்துவதற்கென்றே எஞ்சினை ஓட்டுவது நஷ்டம். விதை நெல்லுக்குக் காற்றின் சூடு 43 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் முளைப்பு கெடும்.

பெரிய ஜெனரேட்டர் உள்ள இடங்களில் கணக்கு வேறு. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரையைக் கடந்தபின் கடலூர் மாவட்டத்தில் மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 80 கிலோவாட் சுமையில் ஓடும் ஜெனரேட்டரின் புகையிலிருந்து மணிக்கு 600 லிட்டர் தண்ணீரை 70 டிகிரிக்குக் கொண்டுவரலாம். புழுங்கலுக்கு நெல் ஊறவைக்க இந்தச் சூடு போதும். உமியில் எரியும் கொதிகலன் ஏற்கெனவே உள்ள ஆலைக்கு இதில் ஆதாயம் குறைவு. பால் பாத்திரம் கழுவவும் தீவனம் ஊறவைக்கவும் வெந்நீர் தேவைப்படும் பண்ணைக்கு அதிகம்.

புகையை நேராக நெல்லின் மேல் விடுவது கூடவே கூடாது. கரியும் நாற்றமும் நெல்லில் ஏறும். மூடிய கொட்டகையில் மணமற்ற நச்சு வாயு ஆளையே கொன்றுவிடும். வெப்பமாற்றிக்குள் பற்றவைப்பு விட்டுப்போனால் காற்றோடும் புகை கலக்கும் என்பதால்தான் நடுவில் நீர் இருப்பது நல்லது. நீர் வெளியேறும் வழியில் வால்வு வைக்காமல், மேலே திறந்த தொட்டிக்கு விட வேண்டும். அடைத்த பாத்திரத்தில் நீராவி சேர்ந்தால் வெடிக்கும். நீர் வற்றிவிட்டால் எஞ்சினை நிறுத்தி, குழாய் ஆறிய பிறகே மீண்டும் நீர் விட வேண்டும். சிவந்த இரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் பற்றவைப்பு விரிந்துவிடும்.