ஏற்றுமதி ஆவணங்களும் குடாநாட்டு உற்பத்தியாளரும்

குடாநாட்டின் விளைபொருள்கள் கடல் கடந்து செல்வது இன்று நேற்றுத் தொடங்கிய ஒன்றன்று. பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் யாழ்ப்பாணப் புகையிலைக்குத் திருவிதாங்கூர் பெருஞ் சந்தையாக விளங்கியது. 2023ஆம் ஆண்டில் எமது கதலி வாழைப்பழம் துபாய்க்கு அனுப்பிவைக்கப்பட்டது. நண்டும் கடலட்டையும் பனைசார் உற்பத்திகளும் வெளிநாட்டுச் சந்தைகளை எட்டியுள்ளன. எனினும், இங்கு விளைந்தவையும் இங்கு பிடிக்கப்பட்டவையும் பல சந்தர்ப்பங்களில் வெளிமாவட்ட ஏற்றுமதியாளரின் பெயரிலேயே நாட்டை விட்டு வெளியேறுகின்றமை கவலைக்குரியதாகும். முதலீடு போதாமையே இதற்குக் காரணமெனக் கூறப்படுவதுண்டு. ஏற்றுமதி ஆவணங்களையும் அவற்றை அத்தாட்சிப்படுத்தும் முறையையும் எமது உற்பத்தியாளர் நன்கு அறியாதிருப்பதும் அதற்குக் குறையாத காரணமாகும்.

நாணயக் கடிதத்தின் மூலம் கொடுப்பனவு நடைபெறும்போது வங்கி பொருளைப் பார்ப்பதில்லை, ஆவணங்களையே பார்க்கின்றது. 2007 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள சர்வதேச வர்த்தக சம்மேளனத்தின் விதிகளின்படி, பொருளை ஏற்றிய நாளிலிருந்து 21 நாள்களுக்குள் ஆவணங்கள் வங்கியிடம் சமர்ப்பிக்கப்பட வேண்டும். நாணயக் கடிதத்தின் செல்லுபடிக் காலம் அதற்கு முன்னர் முடிவடையுமாயின் அந்தத் திகதியே எல்லையாகும். ஆகவே, ஓர் அலுவலகத்தில் முத்திரைக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் ஏற்றுமதியாளருக்குரிய அவகாசத்தையே குறைக்கின்றது.

இந்த ஆவணங்களை மூன்று வகையாக நோக்கலாம். முதலாவது, பொருள் எந்த நாட்டில் உற்பத்தியானது என்பதைக் கூறும் உற்பத்தி மூலச் சான்றிதழ். தீர்வைச் சலுகை கோராதவிடத்து இதனை வர்த்தக சம்மேளனங்கள் வழங்குகின்றன. 1923ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையே இம்முறைக்குச் சர்வதேச அங்கீகாரம் அளித்தது. சலுகை கோருவதாயின் வர்த்தகத் திணைக்களத்தின் சான்றிதழ் அவசியமாகும். உதாரணமாக, 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின் சலுகையைப் பெற, முழுமையாக இங்கேயே விளைந்த பொருளாக இல்லாதவிடத்து, பொதுவாக 35 சதவீத உள்நாட்டுப் பெறுமதி சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜீ.எஸ்.பி. திட்டத்திலோ, பதிவு செய்துகொண்ட ஏற்றுமதியாளர் தாமே விலைப்பட்டியலில் மூலக் கூற்றை எழுத முடியும். 6,000 யூரோவுக்கு மேற்படாத பொதிகளுக்கு அந்தப் பதிவுகூடத் தேவையில்லை. சிறு உற்பத்தியாளருக்குப் பெரிதும் பயன்தரக்கூடிய இந்த ஏற்பாடு இங்கு போதியளவு அறியப்படவில்லை.

இரண்டாவது வகை, பொருளின் பாதுகாப்பையும் அது பெறப்பட்ட விதத்தையும் உறுதிப்படுத்துவது. பழங்கள், மரக்கறிகள் போன்றவற்றுக்கான தாவர சுகாதாரச் சான்றிதழ் இதிலடங்கும். கட்டுநாயக்காவிலுள்ள தேசிய தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை இப்பணியில் முதன்மையானது. கடலில் பிடிக்கப்பட்டவை ஐரோப்பாவுக்குச் செல்வதாயின், சுகாதாரச் சான்றிதழுடன், அவை சட்டபூர்வமாகப் பிடிக்கப்பட்டன என்பதற்கான சான்றிதழும் 2010 முதல் கட்டாயமாகும்.

இச்சான்றிதழின் பின்னணியிலுள்ள கண்காணிப்புத் தளர்ந்தால் நேரக்கூடியதை நாடு ஒருமுறை அனுபவித்துள்ளது. ஆழ்கடல் மீன்பிடிக் கலங்களின் மீதான கட்டுப்பாடு போதாது எனக் கூறி, 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை விதித்தது. 2016 ஜூனிலேயே அது நீக்கப்பட்டது. தவறிழைத்த கலங்கள் சிலவாயினும், தண்டனை நாட்டின் மீன்பிடி ஏற்றுமதி முழுவதன் மீதும் விழுந்தது.

மூன்றாவது வகையே பலரையும் குழப்புவது. மத்திய கிழக்கு நாடுகள் சில, வர்த்தக சம்மேளனம் வழங்கிய சான்றிதழையும் விலைப்பட்டியலையும் முதலில் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் அலுவல்கள் பிரிவும், பின்னர் தமது தூதரகமும் அத்தாட்சிப்படுத்த வேண்டுமெனக் கோருகின்றன. இங்கு அமைச்சு உறுதிப்படுத்துவது பொருளின் தரத்தையன்று. கையொப்பமிட்டவர் அதற்குரிய அதிகாரியே என்பதை மட்டுமேயாகும். தூதரகமோ அமைச்சின் கையொப்பத்தை உறுதிப்படுத்துகின்றது. எனவேதான் இவ்வரிசை மாறினால் ஆவணம் திருப்பி அனுப்பப்படுகின்றது. சமாதான நீதவானின் முத்திரை பிரதியொன்றை உறுதிப்படுத்தலாம். ஆனால் அது இந்தச் சங்கிலிக்கு ஈடாகாது.

இச்சங்கிலியைச் சுருக்குவதற்காகவே 1961இல் ஹேக் நகரில் அப்போஸ்டில் உடன்படிக்கை உருவானது. அதன்படி ஒரேயொரு சான்றுப்பத்திரத்துடன் பொது ஆவணங்கள் ஏற்கப்படுகின்றன. சுங்க, வர்த்தக அலுவல்களுடன் நேரடித் தொடர்புடைய நிர்வாக ஆவணங்களை அது உள்ளடக்காதபோதிலும், கம்பனிப் பதிவு, நொத்தாரிசு பத்திரங்கள் போன்றவற்றுக்குப் பேருதவியாகும். இந்தியாவில் 2005இலும், சீனாவில் 2023இலும் அது நடைமுறைக்கு வந்தது. பங்களாதேஷ் 2024இல் அதில் இணைந்தது. இலங்கையோ 2024 முடிவுவரை அதில் இணைந்திருக்கவில்லை.

கொன்சியூலர் பிரிவின் பிராந்திய அலுவலகம் 2018 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் திறக்கப்பட்டமை, சான்றிதழ்களுடன் கொழும்புக்கு அலைந்த மக்களின் சுமையைக் குறைத்தது. இது வரவேற்கத்தக்கது. ஆயினும் தூதரகங்கள் பெரும்பாலும் கொழும்பிலேயே உள்ளன. ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரத்தை ஒரு கையொப்பத்துக்காகக் கடக்க வேண்டிய சிறு ஏற்றுமதியாளர், இடைத்தரகரிடம் பொருளை ஒப்படைத்துவிடுவதில் வியப்பில்லை. அவ்வாறு ஒப்படைக்கும்போது இலாபத்தின் பெரும் பங்குடன் சந்தைத் தொடர்பும் கைமாறிவிடுகின்றது.

இந்நிலையில் இரு விடயங்கள் அவசியமாகின்றன. எத்தனை முத்திரைகள் குத்தப்பட்டாலும், தோட்டத்திலும் இறங்குதுறையிலும் எழுதப்படும் முதற் பதிவு பிழையாயின் முழு ஆவணமும் பயனற்றதாகும். எந்தக் காணி, எந்தப் படகு, எந்தத் திகதி, எத்தனை கிலோ என்பதை அன்றாடம் பதிவுசெய்யும் பழக்கத்தை விவசாய, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் வளர்க்க வேண்டும். விலைப்பட்டியலிலும் சான்றிதழிலும் பெயர், நிறை, பொதி எண்ணிக்கை ஆகியன ஒன்றுபோல அமைவதையும் கவனிக்க வேண்டும்.

மறுபுறத்தில், பரிசோதனை முதல் அத்தாட்சிப்படுத்தல் வரையிலான சேவைகளை மாவட்டச் செயலகத்தை மையமாகக் கொண்டு ஓரிடத்தில் வழங்க அரசு முன்வர வேண்டும். தோட்டத்தில் வியர்வை சிந்தியவரின் பெயரே ஏற்றுமதிப் பத்திரத்திலும் இடம்பெற அது வழிசெய்யும்.