படகு நேரத்தைக் கணினி எவ்வாறு படிக்கிறது?

வைப்பினிலிருந்து எறணாகுளம் உயர்நீதிமன்றத் துறைக்கு வாட்டர் மெட்ரோ படகுகள் 2023ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஓடத் தொடங்கின. ஒரு கால அட்டவணையைக் கண்டதும் எது ஊர், எது நேரம் என நாம் உணர்ந்துகொள்கிறோம். கணினிக்கோ உரைக்கோப்பு என்பது எழுத்துகளின் நீண்ட வரிசை மட்டுமே. அதனைப் பிரித்துப் பொருளுள்ள அமைப்பாக மாற்றுவதே உரைப் பகுப்பு ஆகும்.

உலகப் பொதுமுறை

பேருந்து, தொடர்வண்டி, படகு ஆகியவற்றின் நேரங்களை உரைக்கோப்புகளாக எழுதும் பொதுமுறை ஒன்று உண்டு. அதன் பெயர் ஜி.டி.எஃப்.எஸ். இம்முறை அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 2005ஆம் ஆண்டு தோன்றியது. நிறுத்தங்கள், வழித்தடங்கள், நேரங்கள் ஆகியவற்றைத் தனித்தனிக் கோப்புகளில் எழுதுவர். கொச்சி மெட்ரோ நிறுவனம் 2018ஆம் ஆண்டு தன் தொடர்வண்டி விவரங்களை இம்முறையில் அனைவருக்கும் திறந்து வைத்தது. அவற்றைக் கொண்டு மாணவரும் செயலி உருவாக்கலாம்.

பகுக்கும் முறை

பயிற்சிக்காக அமைத்த சிறு கோப்பு இது:

குறியீடு,பெயர்,புறப்பாடு
001,வைப்பின்,9:05
002,"உயர்நீதிமன்றம், எறணாகுளம்",10:15

1. முதலில் கோப்பை வரிவரியாகப் பிரிக்க வேண்டும். முதல் வரி தலைப்பு, ஏனையவை தரவு.

2. பின்னர் ஒவ்வொரு வரியையும் காற்புள்ளிதோறும் பிரிக்க வேண்டும். ஆனால் மேற்கோள் குறிக்குள் இருக்கும் காற்புள்ளி பெயரின் பகுதியாகும். அங்கும் பிரித்தால், நேரம் இருக்க வேண்டிய இடத்தில் ‘எறணாகுளம்’ வந்து நிற்கும். பைத்தான் மொழியின் சி.எஸ்.வி. தொகுதி இதனைச் சரியாகக் கையாளும்.

3. இறுதியாக, ஒவ்வொரு துண்டையும் அதன் தலைப்போடு இணைக்க வேண்டும். இவ்வாறு ஒரு வரி ஓர் ‘அகராதி’ ஆகிறது. அகராதிகள் பல சேர்ந்து ஒரு ‘பட்டியல்’ ஆகின்றன. இப்போது ‘பெயர்’ எனக் கேட்டால் ‘வைப்பின்’ என விடை வரும்.

எண்ணும் எழுத்தும்

நேரத்தை எழுத்தாகவே விட்டுவிட்டால், கணினி முதல் எழுத்தை ஒப்பிட்டு, 10:15 மணிப் படகே 9:05 மணிப் படகுக்கு முந்தியது எனக் காட்டும். பிழைச் செய்தி எதுவும் தோன்றாது. அதை நம்பியவர் படகைத் தவறவிடுவார். எனவே நேரத்தை நிமிடங்களாக மாற்ற வேண்டும்: 9 × 60 + 5 = 545.

குறியீட்டையோ எண்ணாக மாற்றுதல் கூடாது. மாற்றினால் 001 என்பது 1 ஆகிவிடும். பிற கோப்புகளிலுள்ள 001 உடன் அது பொருந்தாது. வைப்பின் என்னும் பெயரைத் தமிழிலோ மலையாளத்திலோ எழுதலாம். குறியீடு மட்டும் மாறாது. எண்போல் தோன்றுவன யாவும் எண்கள் அல்ல.

சொற்பொருள்

தரவு – திரட்டிய விவரம்
புறப்பாடு – கிளம்புதல்

பயிற்சி

1. 10:15 மணியை நிமிடங்களாக மாற்றுக.
2. மேற்கோள் குறி ஏன் தேவைப்படுகிறது?
3. ஃபோர்ட் கொச்சிக்கு 003 என்னும் குறியீட்டுடன் ஒரு வரி எழுதுக.