இரண்டு கிலோ வாங்கினால் நான்கு கிலோ: நெல் ஜெயராமன் விட்டுச்சென்ற விதைக் கணக்கு

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி அடிவாரத்தில் இருக்கும் நெற்களஞ்சியத்தை நம் பகுதி விவசாயிகள் பலரும் பார்த்திருப்பார்கள். சாப்பாட்டு நெல்லை அப்படிக் கொட்டிப் பூட்டி வைக்கலாம். விதைநெல் அப்படியல்ல. வீட்டில் சாதாரணமாகச் சேமித்தால் ஓரிரு ஆண்டுகளிலேயே அதன் முளைப்புத்திறன் சரிந்துவிடும். திரும்பத் திரும்ப விதைத்து அறுத்தால்தான் விவசாயி கையில் ஒரு ரகம் உயிரோடு இருக்கும். இதை உணர்ந்து, தன் வாழ்நாளையே அதற்காகக் கொடுத்தவர் நெல் ஜெயராமன். டிசம்பர் 6 அவரது நினைவு நாள்.

திருவாரூர் மாவட்டம் திருத்துறைப்பூண்டி பகுதியைச் சேர்ந்தவர் இரா. ஜெயராமன். நுகர்வோர் இயக்கப் பணியில் இருந்தவர். 2003-ல் இயற்கை வேளாண் விஞ்ஞானி கோ. நம்மாழ்வாருடன் காவிரிப் படுகையில் நடைபயணம் போனபோது, விவசாயிகள் சிலர் தங்களிடம் மிச்சமிருந்த பாரம்பரிய நெல் விதைகளைக் கொண்டுவந்து கொடுத்தனர். அங்கிருந்து தொடங்கிய தேடல் 174 ரகங்கள் வரை வளர்ந்தது. ‘நெல்’ என்ற அடைமொழியைத் தந்தவரும் நம்மாழ்வார்தான்.

ஜெயராமன் சேகரித்ததோடு நிற்கவில்லை. ஆதிரெங்கத்தில் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தி, வரும் விவசாயிகளுக்கு ஆளுக்கு 2 கிலோ விதை கொடுத்தார். அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

இதை வட்டி என்று நினைத்துவிடக் கூடாது. ஒற்றை நாற்று நடவில் ஏக்கருக்கு 3 கிலோ விதை போதும். அப்படியானால் 2 கிலோ விதையில் 60 சென்ட்டுக்கு மேல் நடலாம். அதில் கிடைக்கும் மகசூலில் 4 கிலோ ஒரு பொருட்டே அல்ல. ஆனால் திருப்பித் தர வேண்டும் என்றால் கலப்பில்லாமல் தர வேண்டும். வாங்கியவர் ஒவ்வொருவரும் ஒரு பருவமாவது விதை உற்பத்தியாளராக மாறியே ஆக வேண்டும். திரும்பி வரும் 4 கிலோ இன்னும் இரண்டு பேருக்குப் போகும். ஒரே இடத்தில் வெள்ளமோ வறட்சியோ வந்தாலும், நூறு ஊர்களில் பரவிய ரகம் அழியாது.

மனைவி, பள்ளிப் பருவத்து மகன் என்று சிறிய குடும்பம் அவருடையது. விதைக்காக ஊர் ஊராக அலைந்த நாட்கள், அந்தக் குடும்பமும் சேர்ந்து கொடுத்த நாட்கள்தான். புற்றுநோயோடு போராடி 2018-ல் அவர் மறைந்தபோது வயது ஐம்பதுதான். 2021-22 வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்த பாரம்பரிய நெல் பாதுகாப்பு இயக்கம் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது.

செஞ்சி, வல்லம், மேல்மலையனூர் வட்டாரங்களில் ஏரியையும் கிணற்றையும் நம்பி நெல் வைக்கும் நாம் இதிலிருந்து எதை எடுத்துக்கொள்வது? உழவியல் படித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாரம்பரிய ரகங்கள் பொதுவாகக் குட்டை ரகங்கள் அளவுக்கு மகசூல் தராது. உயரமாக வளர்வதால் யூரியாவைக் கூட்டினால் சாய்ந்துவிடும். காட்டுயானம் வயலில் ஏறத்தாழ ஆறு மாதம் நிற்கும். கடைசி வரை தண்ணீர் இருக்கிறதா என்று முதலிலேயே கணக்குப் போட வேண்டும். குறுகிய வயதுள்ள பூங்கார் கிணற்றுப் பாசனத்துக்கு ஒத்துவரும். பகல் பொழுது குறையும்போது பூக்கும் நீண்ட கால ரகங்களைச் சம்பாவில்தான் வைக்க வேண்டும். நவரையில் வைத்தால் பருவம் தப்பும். மாட்டுக்கு வைக்கோல் கூடுதலாகக் கிடைப்பது லாபம். ஆனால் வாங்க ஆள் இருக்கிறாரா என்று பார்க்காமல் முழு நிலத்திலும் இறங்க வேண்டாம்.

விதையைக் காக்க முழு நிலம் தேவையில்லை. ஐந்து சென்ட் போதும். கவனிக்க வேண்டியவை இவைதான்:

* பக்கத்து ரகத்துக்கும் விதை வயலுக்கும் இடையே குறைந்தது 3 மீட்டர் இடைவெளி விடவும். நெல் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால் இதுவே போதும்.

* தூர்கட்டும்போதும், பூக்கும்போதும், முற்றும்போதும் வயலில் இறங்கி, உயரத்திலும் கதிரிலும் நிறத்திலும் மாறுபட்ட பயிர்களைப் பிடுங்கிவிடவும்.

* வரப்போரப் பயிரை விட்டுவிட்டு நடு வயலில் விதைக்கு எடுக்கவும். கையால் அறுத்துத் தனிக் களத்தில் அடிக்கவும். ஊர் ஊராக வரும் அறுவடை இயந்திரத்துக்குள் தங்கியிருக்கும் வேறு நெல்தான் கலப்புக்கு முக்கிய வழி. பழைய சாக்கு இரண்டாவது வழி.

* ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு மேல் போகாதபடி காய வைத்துச் சேமிக்கவும். விதைப்பதற்கு முன் 100 விதையை ஈரத்துணியில் வைத்துப் பார்க்கவும். 80-க்குக் குறையாமல் முளைக்க வேண்டும்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. தாவர ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001 தன் விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், பகிரவும், விற்கவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை வணிகப் பெயரிட்டு விற்க மட்டும் அனுமதி இல்லை.

வேளாண் விரிவாக்கப் பணியில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விதை கொடுத்த கணக்கோடு நிறுத்தாமல், திரும்பி வந்த விதைக்கும் ஒரு பதிவேடு வையுங்கள். யார் வாங்கினார், எந்த வயலில் வைத்தார், அடுத்து யாருக்குக் கொடுத்தார் என்ற மூன்று விவரம் போதும். அதிகப் பணம் தேவைப்படாத வேலை இது. ஜெயராமனின் திட்டம் வேலை செய்தது, கொடுத்ததை அவர் மறக்காமல் திருப்பிக் கேட்டதால்தான்.