நாட்றம்பள்ளி வெயிலும் 1.55 வோல்ட்டும்: உங்கள் கம்ப்யூட்டர் பிராசஸர் பத்திரமா?

வாணியம்பாடியைத் தாண்டி கிருஷ்ணகிரி போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது நாட்றம்பள்ளி. வேலூர், திருப்பத்தூர் பக்கமெல்லாம் மே மாதத்தில் 40 டிகிரி வெயில் புதிதல்ல. கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் ஸ்டுடியோவோ, பையன் கேம் விளையாடும் வீட்டு அறையோ, பெரும்பாலும் ஃபேன் காற்றுதான். அந்த அறையில் ஓடும் டெஸ்க்டாப் என்ன பாடுபடும்?

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கூலர் ஃபேன் அறைக் காற்றை எடுத்துத்தான் பிராசஸரைக் குளிர்விக்கிறது. 25 டிகிரி ஏ.சி அறையில் 75 டிகிரியில் ஓடும் பிராசஸர், அதே வேலையை 40 டிகிரி அறையில் செய்தால் சுமார் 90 டிகிரிக்குப் போய்விடும். நிறைய பிராசஸர்களுக்கு 100 டிகிரிதான் எல்லை. அதைத் தொட்டால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இந்த நிலையில் ஓவர்க்ளாக்கிங் செய்யலாமா? அதாவது, கம்பெனி நிர்ணயித்ததைவிட அதிக வேகத்தில் பிராசஸரை ஓட்டலாமா?

ஒரு காலத்தில் இது நல்ல லாபம். 1998-ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ சிப்பின் வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். மதர்போர்டில் பஸ் வேகத்தை 66-லிருந்து 100 ஆக மாற்றினால் 450-ல் ஓடும். கூடுதல் செலவு இல்லை. அசெம்பிள்டு கம்ப்யூட்டர் காலத்தில் அதைக் கொண்டாடியவர்கள் ஏராளம்.

இப்போது அந்த மிச்சத்தைக் கம்பெனிகளே எடுத்துக்கொள்கின்றன. 2022 அக்டோபரில் வந்த ஐ9-13900கே, பெட்டியிலிருந்து எடுத்த நிலையிலேயே 5.8 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். 253 வாட் வரை மின்சாரம் இழுக்கும். மூன்று சீலிங் ஃபேன்கள் இழுப்பதைவிட அதிகம். அத்தனையும் கட்டைவிரல் நகம் அளவு சிலிக்கானில் வெப்பமாகிறது! இதற்கு மேலும் முடுக்கி 9.1 கிகாஹெர்ட்ஸ் வரை உலக சாதனை செய்தவர்கள் ஊற்றியது திரவ ஹீலியத்தை. நமக்கு அது சரிப்படாது.

சிக்கல் வோல்டேஜில் இருக்கிறது. வேகத்தைக் கூட்டினால் அது நிலையாக ஓட வோல்டேஜையும் கூட்ட வேண்டும். வெப்பமோ வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப எகிறும். 5 கிகாஹெர்ட்ஸை 5.5 ஆக்க, 1.2 வோல்ட்டை 1.4 ஆக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். கிடைப்பது 10 சதவிகித வேகம். கூடும் வெப்பம் ஏறக்குறைய 50 சதவிகிதம்.

எதையும் தொடாதவர்களுக்கும் அடி

ஓவர்க்ளாக் பக்கமே போகாதவர்களும் தப்பவில்லை என்பதுதான் இதில் கொடுமை. இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் பலருக்கு மாதக்கணக்கில் தொல்லை கொடுத்தன. கேம் பாதியில் நிற்கும். கிராபிக்ஸ் கார்டில் மெமரி போதவில்லை என்று செய்தி வரும். குற்றமே செய்யாத கிராபிக்ஸ் கார்டைத்தான் பலரும் முதலில் சந்தேகித்தார்கள்.

2024 ஜூலையில் இன்டெல் காரணத்தைச் சொன்னது. மைக்ரோகோடில் இருந்த தவறால், பிராசஸர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கியிருக்கிறது. அதிக வோல்டேஜும் வெப்பமும் சேர்ந்து உள்ளே ஒரு சர்க்யூட்டை வேகமாக மூப்படைய வைத்திருக்கின்றன. சும்மா இருக்கும் நேரத்திலும் அதிக வோல்டேஜ் கேட்டது பின்னர் தெரிந்தது. ஆகஸ்ட்டில் வந்த திருத்தம், 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்பதற்குக் கடிவாளம் போட்டது. செப்டம்பரில் இன்னொரு திருத்தம் வந்தது. ஏற்கெனவே பழுதான சிப்பை எந்தத் திருத்தமும் சரிசெய்யாது, மாற்றத்தான் வேண்டும். அதற்காக இன்டெல் வாரன்ட்டியை 2 ஆண்டுகள் கூட்டி, 5 ஆண்டுகள் ஆக்கியது.

ஐ9, ஐ7, 'கே' என முடியும் ஐ5 வைத்திருப்பவர்கள்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். மதர்போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து புதிய பயாஸை இறக்கிப் போடுங்கள். ஒரு விஷயம்: பயாஸ் ஏறும்போது கரன்ட் போனால் மதர்போர்டே முடங்கிவிடலாம். யு.பி.எஸ் இல்லாமல் இறங்க வேண்டாம். பிறகு பயாஸில் 'இன்டெல் டிஃபால்ட்' அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

கூட்டுவதைவிடக் குறைப்பது லாபம்

நம் ஊர் வெயிலுக்கு ஓவர்க்ளாக்கைவிட 'அண்டர்வோல்ட்' பொருத்தம். வேகத்தை அப்படியே விட்டு, வோல்டேஜை மட்டும் சிறிது சிறிதாகக் குறைப்பது. எல்லா மதர்போர்டிலும் இந்த வசதி இருக்காது. எவ்வளவு குறைக்கலாம் என்பதும் சிப்புக்குச் சிப்பு மாறும். ஒரே மாடலில் இரண்டு வாங்கினாலும் ஒன்றுபோல் இருக்காது. ஒவ்வொரு முறை குறைத்த பிறகும் கனமான வேலை கொடுத்துப் பாருங்கள். ஹேங் ஆனால் ஒரு படி ஏற்றிவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்பு, மேஜையின் மூடிய அறைக்குள் இருக்கும் கேபினெட்டை வெளியே எடுங்கள். தூசியைத் தட்டுங்கள். பல வருடப் பழைய தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள்.

செகண்ட் ஹேண்டில் 13, 14-ம் தலைமுறை ஐ7, ஐ9 மலிவாகக் கிடைக்கிறதா? விலை பேசுவதற்கு முன் முதல் பில்லைக் கேளுங்கள். 5 ஆண்டுக் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்குகிறது.