பாறைக்குப் பின்னால் ஒளித்த பாவாடை

"பொம்பளைக்கு மலை என்னத்துக்கு?" என்று கேட்பவர்கள் எல்லாச் சீமையிலும் உண்டு போலிருக்கிறது! ஸ்காட்லாந்தில் 1889-ல் ஏற்பட்ட மலையேறும் சங்கம் 1990 வரை ஸ்திரீகளைச் சேர்க்கவே இல்லை. அதுவரை காத்திருக்க முடியுமா? 1908-ல் ஜேன் இங்கிலிஸ் கிளார்க் என்ற அம்மாளும், மகள் மேபலும், லூசி ஸ்மித்தும் கில்லின் கிராமத்தருகே ஒரு பாறை மறைவில் உட்கார்ந்து பேசினார்கள்; பெண்களுக்கென்றே ஒரு சங்கம் பிறந்துவிட்டது. ஜேனின் கணவரோ அந்த ஆண்கள் சங்கத்து அங்கத்தினர்!

உடைதான் பெரும் பாடு. ஊர்க் கண்ணுக்காக நீளப் பாவாடையோடு புறப்படுவார்கள். மலையடிவாரம் வந்ததும் அதைக் கழற்றிப் பாறைக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, உள்ளே அணிந்திருந்த முழங்கால் நிஜாருடன் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏறுவார்கள். திரும்பும்போது மறுபடியும் பாவாடை! (நம் பாட்டிமார் மடிசாரைத் தூக்கிச் செருகிக்கொண்டே திருப்பதி மலை ஏறிவிடுவார்கள்.)

1955-ல் இச்சங்கத்தைச் சேர்ந்த மோனிகா ஜாக்ஸன், எலிஸபெத் ஸ்டார்க், ஈவ்லின் கேம்ராஸ் மூவரும் நேபாளத்திலுள்ள ஜுகல் இமயத்துக்கு வந்தார்கள். பெண்களே நடத்திய முதல் இமய யாத்திரை அது. மோனிகா நமக்குப் பக்கத்து மனுஷி. பிலிகிரிரங்கன் மலைக் காப்பித் தோட்டத்தில் வளர்ந்தவர். அதுவரை யாரும் ஏறாத, பெயரும் இல்லாத சிகரமொன்றை எட்டிப் பிடித்தார்கள். அதற்கு அவர்கள் சூட்டிய பெயர், உடன்வந்த ஷெர்ப்பாக்களின் தலைவர் மிங்மா கியால்கெனுடையது.